கேஸ் டைக்குள்ள மாட்டாம இருக்க லூப் எங்க போடணும், எவ்வளவு போடணும், எப்படி சீக்கிரமா முடிக்கறது

கேட்டிருக்கற தம்பி நம்ம கோத்தகிரிக்காரர், இப்ப டெக்சாஸ்ல கிரீன் கார்டுல இருக்கார், 308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு வீட்லயே ரீலோட் பண்றார், அதாவது சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்ட (அதுதான் கேஸ்) திரும்ப நிரப்பி தோட்டா ஆக்கறார். போன வாரம் ஒரு கேஸ் சைசிங் டைக்குள்ள (வீங்கின கேஸ பழைய அளவுக்கு நசுக்கற எஃகு அச்சு) போயி மாட்டிக்கிச்சாம், இழுத்ததுல அடி விளிம்பு பிஞ்சு வந்துடுச்சாம். அவர் கேட்டது மூணு விஷயம். 200 கேஸுக்கு ஒவ்வொண்ணா லூப் (வழுக்கறதுக்கு தடவற மசகு) ஊறின பேட்ல உருட்டி உருட்டி கை வலிக்குது, இதுக்கு வேகமான வழி என்ன? கூட சுடற நண்பர் 9 எம்எம் பிஸ்டல் கேஸுக்கு லூப்பே போடறதில்ல, எனக்கு மட்டும் ஏன்? அம்மா ஊர்லருந்து அனுப்பின தேங்கா எண்ணெய் ஒரு டின் இருக்கு, அத தடவினா ஆகுமா?

பதில் கொஞ்சம் நீளமாத்தான் வரும். நான் கொலராடோல 17 வருஷம் மெஷின் ஷாப்ல டூல் ரூம் வேலை பாத்துட்டு இப்ப குன்னூர் வந்து செட்டில் ஆயிட்டேன், அங்க இருந்தப்ப 308ம் 30-06ம் ஆயிரக்கணக்குல ரீலோட் பண்ணிருக்கேன், நானும் ரெண்டு டைல கேஸ மாட்ட விட்டவன்தான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இத நம்ம ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்காக. இங்க இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறது குற்றம், துப்பாக்கி லைசன்ஸ் கைல இருக்குங்கறதால ரீலோட் பண்ணிக்கலாம்னு ஆயிடாது, தயாரிப்புக்கு தனி லைசன்ஸ் வேணும். அமெரிக்காவுல சொந்த உபயோகத்துக்கு பண்ணிக்க ஃபெடரல் லைசன்ஸ் தேவையில்ல, விக்கறதுக்கு பண்ணினாத்தான் வேணும், ஸ்டேட் ரூல் தனியா பாத்துக்கணும். இன்னொண்ணு, தம்பிக்கு கிரீன் கார்டு இருக்கு சரி, ஆனா கூட ரூம்ல இருக்கற பையன் எச்1பி-ல இருந்தா அவன் விஷயம் வேற. நான்-இமிக்ரன்ட் விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கறதே அங்க ஃபெடரல் சட்டப்படி தடை, செல்லுபடியாகற ஹன்டிங் லைசன்ஸ் மாதிரி சில விலக்கு மட்டும்தான் இருக்கு. நம்ம பசங்க நிறைய பேருக்கு இது தெரியாம ஃப்ரெண்டோட ரேஞ்சுக்கு போயி வாங்கி வீட்ல வச்சுக்கறாங்க, வழக்கு ஆனா விசாவே போயிடும்.

சரி, விஷயத்துக்கு வரேன்.

லூப் ஏன் வேணும்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. சுட்டப்புறம் கேஸ் ரைஃபிள்ல தோட்டா உக்கார்ற சேம்பர் அளவுக்கு வீங்கியிருக்கும். சைசிங் டை அத திரும்ப சின்னதா நசுக்குது. கேஸ் பித்தளை, 70 பங்கு செம்பு 30 பங்கு துத்தநாகம், டை கெட்டியான எஃகு. இந்த ரெண்டும் அவ்வளவு அழுத்தத்துல நேரா உரசினா பித்தளை துணுக்கு டை சுவத்துல ஒட்டிக்கும், ஒட்டினது அடுத்த கேஸ கீறும், கீறின எடத்துல இன்னும் ஒட்டும், அப்படியே ஒரு எடத்துல பிடிச்சு நின்னுடும். வளையல்காரர் சின்ன வளையல ஏத்தறப்போ கையில சோப்பு போட்டு ஏத்துவார் பாருங்க, அதே கதைதான். வளையலுக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு வழுக்கற படலம் இருக்கணும், அது அழுத்தினாலும் பிதுங்கி வெளிய ஓடிடக் கூடாது. சோப்பு ஓடாது, தண்ணி ஓடிடும். லூப் விஷயமே இவ்வளவுதான், கெட்டியா இருக்கா தண்ணியா இருக்காங்கறது இல்ல, நசுக்கினா நிக்குதாங்கறதுதான் கேள்வி.

நண்பரோட 9 எம்எம் கேஸ் ஏறக்குறைய நேர் குழாய், அவர் டைல கார்பைடு வளையம் இருக்கும், அது ரொம்ப கெட்டி ரொம்ப வழவழப்பு, கேஸ தொடற எடமும் ஒரு சின்ன பட்டைதான், அதனால லூப் இல்லாம ஓடிடும். உங்க 308 பாட்டில் மாதிரி, உடம்பு தோள் கழுத்துன்னு இருக்கு, உடம்பு முழுக்க ஒரே நேரத்துல டை சுவத்த தொடும். ரைஃபிளுக்கு கார்பைடு டை வாங்கினாலும் லூப் போட்டே ஆகணும். யாராவது தேவையில்லைன்னு சொன்னா நம்பாதீங்க.

தேங்கா எண்ணெய் வேண்டாம். அழுத்தத்துக்கு நிக்கறதுக்கு அது போதாது, குளிர் காலத்துல கராஜ்ல உறைஞ்சு கட்டியாயிடும், நம்ம ஊட்டில டிசம்பர்ல டப்பாவ அடுப்பு பக்கம் வச்சுத்தானே எடுக்கறோம். ஒரு எடத்துல கட்டி, ஒரு எடத்துல ஒண்ணுமில்லன்னு ஆகறதுதான் கேஸ் மாட்டறதுக்கு நேர் வழி. தைல எண்ணெயும் இதுக்கு ஆகாது, யூகலிப்டஸ் ஆவியா போயிடும், அழுக்கு துடைக்க வேணா நல்லாருக்கும். டபிள்யூடி-40யும் வேண்டாம். வேஸ்லின் பத்தியும் கேப்பீங்க. நம்ம அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி பேருக்கு காரணமான கார்டைட்ங்கற வெடிமருந்துல பெட்ரோலியம் ஜெல்லி, அதாவது வேஸ்லின், ஒரு பங்கு இருந்துச்சு, குழல் உள்ள வழுக்கட்டும்னு நெனச்சு சேத்தாங்க, கடைசில அது மருந்து கெடாம காக்கறதுக்குத்தான் உதவிச்சு. அருவங்காட்டுல வளர்ந்த எனக்கு இந்தக் கதை பிடிக்கும், ஆனா சைசிங் டைக்கு வேஸ்லின் சரிப்படாது, அந்த அழுத்தத்துக்கு அது நிக்காது.

எது நிக்கும்னா லானோலின். ஆட்டு ரோமத்துல இருக்கற மெழுகு. சின்ன வயசுல சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணை பக்கம் ரோமம் வெட்டறத வேடிக்கை பாக்கப் போவோம், வெட்டறவர் கைய தொட்டுப் பாத்தா பிசுபிசுன்னும் இருக்காது, எண்ணெயாவும் இருக்காது, ஒரு மாதிரி வழவழன்னு இருக்கும், தண்ணில கழுவினா போகாது. கம்பளிய மழையில இருந்து காக்கறதே அதுதான். அந்தப் பிடிப்பு குணம்தான் நமக்கு வேணும், உலோகத்த கெட்டியா பிடிச்சுக்கும், நசுக்கினாலும் விட்டுட்டு ஓடாது. கடையில விக்கற நல்ல ஸ்ப்ரே லூப்ல பலதும் லானோலின ஆல்கஹால்ல கரைச்சதுதான்.

வீட்லயே பண்ணிக்கலாம், நான் கடைசி பத்து வருஷம் அதுதான் போட்டேன். லிக்விட் லானோலின் ஒரு பங்கு, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பத்துலருந்து பன்னண்டு பங்கு. மருந்துக் கடைல சாதாரணமா கிடைக்கற 70 சதவீதம் வேண்டாம், அதுல தண்ணி இருக்கறதால லானோலின் கரையாம தயிர் மாதிரி திரியும். வண்டி பெட்ரோல் டேங்க்ல ஊத்தற ஹீட் (HEET) பிராண்டு திரவத்துல சிவப்பு பாட்டில் ஐசோப்ரொப்பைல், அதையும் நிறைய பேர் எடுப்பாங்க, மஞ்சள் பாட்டில் மெத்தனால், அது உடம்புக்கு விஷம், தோல் வழியாவும் ஏறும், தப்பித் தவறியும் எடுக்காதீங்க. லானோலின் பாட்டில சுடுதண்ணில கொஞ்ச நேரம் வச்சு இளக்கிட்டு அப்புறம் தனியா ஆல்கஹால்ல ஊத்தி குலுக்குங்க, ஆல்கஹால சூடு பண்ணாதீங்க, பக்கத்துல ஹீட்டரோ அடுப்போ இருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அடிக்கறதுக்கு முன்னாடி பாட்டில குலுக்கணும், இல்லன்னா அடில லானோலின் தங்கிட்டு மேல வெறும் ஆல்கஹால்தான் வரும்.

இப்ப வேகம். பேட்ல உருட்டறப்ப எனக்கு 100 கேஸுக்கு முக்கால் மணி ஆகும், கடைசி இருபதுல கண்டிப்பா ஒண்ணு ரெண்டு சரியா படாம போயிடும், ஏன்னா கையும் சலிச்சிருக்கும் பேடும் காஞ்சிருக்கும். பைல போட்டு பண்ற முறைக்கு மாறினப்புறம் லூப் அடிக்கறதே மூணு நிமிஷம்தான், மீதி காயற நேரம்.

கேஸ் மொதல்ல சுத்தமா இருக்கணும், இத விட்டுடாதீங்க, மண்ணு துகள் ஒண்ணு டைக்குள்ள போனா எந்த லூப்பும் காப்பாத்தாது, டைல நிரந்தரமா ஒரு கீறல் விழுந்து அதுக்கப்புறம் ஒவ்வொரு கேஸ்லயும் அந்தக் கோடு வரும். சுத்தம் பண்ணின 100 கேஸ பெரிய ஜிப் பைல போடுங்க. உள்பக்கம் பிளாஸ்டிக் மேல படற மாதிரி மூணு நாலு தடவை அடிச்சு, பைய மூடி, ரெண்டு கையிலயும் பிடிச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டுங்க, முறத்துல பொடைக்கற மாதிரி தூக்கித் தூக்கிப் போட வேண்டாம், மெதுவா புரட்டினா போதும். அரை நிமிஷம். மறுபடி மூணு தடவை அடிச்சு இன்னொரு அரை நிமிஷம். இப்படி பண்றப்ப சில கேஸோட வாய்க்குள்ளயும் பொடிப்பொடியா தெறிக்கும், அது நமக்கு நல்லதுதான், காரணம் கீழ சொல்றேன். அப்புறம் ஒரு பழைய டவல் மேல கொட்டி பரப்பி விட்டுடுங்க.

இப்பத்தான் பொறுமை வேணும். ஆல்கஹால் முழுசா போகணும், பத்து நிமிஷம், ஈரப்பதமான நாள்னா பதினஞ்சு. என்னோட ரெண்டு மாட்டின கேஸ்ல ஒண்ணு இதனாலதான். கடையில வாங்கின ஒரு ஸ்ப்ரே, டப்பாவுலயே காய விடுங்கன்னு போட்டிருந்துச்சு, அவசரத்துல ஒரு நிமிஷத்துல எடுத்து டைக்குள்ள விட்டேன், ஏழாவது கேஸ் நின்னுடுச்சு. ஈரமா இருக்கறப்ப பாத்தா பளபளன்னு நிறைய லூப் இருக்கற மாதிரி தெரியும், ஆனா அது கரைப்பான், அழுத்தத்துல அது நிக்காது. காஞ்சப்புறம் கேஸ எடுத்து ரெண்டு விரலால உருட்டிப் பாருங்க, பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், விரல்ல மட்டும் லேசா ஒரு இழுவை தெரியும், காஞ்ச பலாச்சுளை தொட்ட மாதிரி. அந்தத் தொடு உணர்வுதான் சரியான அளவு. விரல்ல எண்ணெயா மின்னுச்சுன்னா அதிகம்.

அதிகமா போட்டா என்னன்னு கேப்பீங்க. டைக்குள்ள தோள் பகுதிக்கு போற லூப்புக்கு வெளிய போக எடமில்ல, திரவத்த நசுக்க முடியாது, அதனால பித்தளைதான் உள்வாங்கும். தோள்ல நகத்தால அமுக்கின மாதிரி பள்ளம் விழும். சின்னப் பள்ளம்னா அடுத்த தடவை சுடறப்ப நிமிந்துடும், மடிப்பு மாதிரி கோடா விழுந்தா அந்தக் கேஸ ஒதுக்கிடுங்க. நிறைய டைல காத்துப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல பழைய லூப்பும் தூசும் அடைச்சிருந்தா கொஞ்சமா போட்டாலும் பள்ளம் விழும், ஒரு மெல்லிசு கம்பியால குத்தி எடுத்துடுங்க. லூப் முக்கியமா வேண்டியது உடம்போட கீழ் பாகத்துலதான், அடிக்கு கொஞ்சம் மேல, அங்கதான் சுவர் தடிமன், அங்கதான் டை கடைசியா இறுக்கும். தோளுக்கும் கழுத்துக்கு வெளியயும் பேருக்கு இருந்தா போதும். மாட்டற கேஸ் முக்காவாசி அந்த கீழ் பாகத்துல லூப் படாததாலதான்.

மிலிட்டரி ப்ராஸ் (ராணுவத்துல சுட்ட பித்தளை கேஸ்) வாங்கிருந்தீங்கன்னா, அதுவும் மெஷின் கன்ல சுட்டதா இருந்தா, அந்த சேம்பர் பெருசு, கேஸ் அதிகமா வீங்கியிருக்கும், டை அதிகமா நசுக்கும். அதுக்கு மட்டும் நான் ஸ்ப்ரேவ நம்பறதில்ல, சைசிங் வேக்ஸ் ஒரு சின்ன டப்பா வச்சிருந்தேன், விரல் நுனியில லேசா எடுத்து கீழ் பாகத்துல ஒரு சுத்து. ஒரு தடவை எடுத்தா நாலஞ்சு கேஸுக்கு வரும். ஒரு டப்பா வருஷக்கணக்கா தீராது. பத்து இருபது கேஸ்தான் பண்றீங்கன்னாலும் வேக்ஸ்தான் சரி, காய வைக்கற வேலையே இல்ல. 50க்கு மேல போனா ஸ்ப்ரே. இதுதான் என் கணக்கு.

கழுத்துக்கு உள்ள போடறத நிறைய பேர் மறந்துடறாங்க. கேஸ் டைலருந்து வெளிய வரப்ப டை நடுக்கம்பில இருக்கற எக்ஸ்பாண்டர் உருண்டை (கழுத்த உள்ளருந்து சரியான அளவுக்கு விரிக்கறது) கழுத்துக்குள்ள இழுபட்டு வரும், உள்ள காஞ்சிருந்தா கீச்சுன்னு ஒரு சத்தம் கேக்கும். அந்த சத்தம் கேட்டாலே கழுத்து இழுபடுதுன்னு அர்த்தம், தோள் முன்னாடி நகரும், கேஸ் நீளும், கழுத்து கோணும், நீங்க டைய எவ்வளவு துல்லியமா செட் பண்ணியும் அளவு கேஸுக்கு கேஸ் மாறும். 308க்கு அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம், சைஸ் பண்ணினப்புறம் அளந்து, தாண்டினா 2.005க்கு வெட்டறது வழக்கம், உள்ள லூப் இல்லாம இழுத்தா இந்த வெட்டற வேலையும் சீக்கிரம் சீக்கிரம் வரும். பைல உருட்டறப்ப தெறிக்கறது பாதிக்கு உதவும், நம்பிக்கை இல்லன்னா நைலான் ப்ரஷ்ல கொஞ்சம் மைக்கா பொடியோ கிராஃபைட் பொடியோ தொட்டு உள்ள ஒரு தடவை விட்டு எடுங்க. சத்தம் நின்னுடும்.

ப்ரெஸ்ல (டைய மாட்டி கைப்பிடியால அழுத்தற கருவி) போடறப்ப முதல் ரெண்டு மூணு கேஸுக்கு மட்டும் கூட கொஞ்சம் வேக்ஸ் தடவிக்கோங்க, டை சுவத்துக்கும் ஒரு பூச்சு வேணும், இட்லித் தட்டுல முதல் ஈடுக்கு எண்ணெய் கொஞ்சம் கூட தேய்க்கற மாதிரி. அப்புறம் கைப்பிடி உங்களுக்கு சொல்லும். ஒரே சீரான கனத்தோட இறங்கும். ஏதாவது ஒரு கேஸ் நடுவுல வழக்கத்த விட இறுக்கமா இருந்தா அங்கயே நிறுத்துங்க, இன்னும் அமுக்காதீங்க, மெதுவா பின்னாடி எடுத்து துடைச்சு லூப் போட்டு மறுபடி விடுங்க. மாட்டற கேஸ் எல்லாமே மாட்டறதுக்கு முன்னாடி கைக்கு தெரியும், நாமதான் இன்னொரு அழுத்து அழுத்திடறோம். பேசிக்கிட்டோ போன் பாத்துக்கிட்டோ சைஸ் பண்ணாதீங்க.

முடிஞ்சதும் லூப்ப எடுத்தே ஆகணும், இது அழகுக்காக இல்ல. சுடறப்ப கேஸ் வீங்கி சேம்பர் சுவத்த பிடிச்சுக்கும், அந்தப் பிடிப்பு பின்னாடி தள்ளற விசைல ஒரு பங்க தாங்கும். எண்ணெயா இருந்தா கேஸ் வழுக்கி முழு விசையும் துப்பாக்கியோட போல்ட் (சேம்பர பின்னாடி அடைக்கற பாகம்) மேல விழும். அதோட கேஸுக்குள்ள எண்ணெய் இருந்தா வெடிமருந்தும் ப்ரைமரும் (கேஸ் அடில இருந்து மருந்த பத்த வைக்கற சின்ன மூடி) கெடும். மக்காச்சோளத் தக்கைப் பொடில இருபது நிமிஷம் டம்ப்ளர்ல (கேஸ சுத்தம் பண்ற மெஷின்) சுத்த விடலாம், ஃப்ளாஷ் ஹோல்ல (ப்ரைமர் நெருப்பு கேஸுக்குள்ள போற ஓட்டை) பொடி அடைச்சிருக்கான்னு பாத்துடணும். ஈர டம்ப்ளர் இருந்தா சுடுதண்ணியும் பாத்திரம் கழுவற சோப்பும் போதும், ஆனா முழுசா காயணும். இருபது முப்பது கேஸ்னா ஆல்கஹால் நனைச்ச துணில துடைச்சாலே சரி. லூப் வேலை நடக்கற மேசை மேல மருந்தும் ப்ரைமரும் இருக்கவே கூடாது, லூப் பட்ட கையால ப்ரைமர தொடாதீங்க.

இன்னொண்ணு வீட்டுல குழந்தை இருந்தா கண்டிப்பா கவனிங்க. சுட்ட கேஸ்ல ப்ரைமர்லருந்து வந்த ஈயத் துகள் இருக்கும், லானோலின் கைல ஒட்டினா அதுவும் சேந்து ஒட்டிக்கும். நைட்ரைல் கையுறை போடுங்க, முடிச்சதும் சோப்பு போட்டு கழுவுங்க, சமையல் பாத்திரம் எதையும் இதுக்கு எடுக்காதீங்க, டவல தனியா வைங்க. கண்ணாடி போட்டுக்கோங்க.

இப்ப உங்க டைல மாட்டியிருக்கறத எடுக்கற வழி. டைய ப்ரெஸ்லருந்து கழட்டுங்க. நடுக்கம்பிய முடிஞ்ச வரைக்கும் மேல திருகி எடுங்க, அது வழில நிக்கக் கூடாது. கொஞ்சம் பெனட்ரேட்டிங் ஆயில் ஊத்தி ராத்திரி முழுக்க விடுங்க. மறுநாள் கேஸோட அடில ப்ரைமர் குழி நடுவுல துளை போட்டு, 1/4-20 டேப்ல மரை வெட்டி, மேல ஒரு தடிச்ச வளையமோ பெரிய நட்டோ வச்சு, அது வழியா போல்ட் விட்டு ஸ்பேனரால மெதுவா இறுக்குங்க. போல்ட் இறுக இறுக கேஸ் வெளிய வரும். இதுக்கே கிட் விக்குது, ட்ரில், டேப், போல்ட் எல்லாம் சேத்து, ஒண்ணு வாங்கி வச்சுக்கறது நல்லது. சுத்தியலால மேலருந்து அடிச்சு எடுக்காதீங்க, நடுக்கம்பி வளையும், டை உள்சுவர் அடிபடும். எடுத்தப்புறம் டைக்குள்ள விளக்கு அடிச்சுப் பாருங்க, மஞ்சளா பித்தளைக் கோடு ஒட்டியிருந்தா பாலிஷிங் பேஸ்ட்ட குச்சில துணி சுத்தி போட்டு மெதுவா தேய்ச்சு எடுக்கணும், அத விட்டுட்டா அடுத்த கேஸும் அங்கயே மாட்டும்.

கடைசியா, லீவுக்கு ஊருக்கு வரப்ப இந்தக் கேஸ்ல ஒண்ணு ரெண்டு கீ செயினா பண்ணி யாருக்கும் எடுத்துட்டு வராதீங்க. தோட்டாவோட பாகமும் நம்ம சட்டத்துல தோட்டா கணக்குதான், ஏர்போர்ட் ஸ்கேனர்ல தெரிஞ்சா அங்கயே நிறுத்திடுவாங்க. ரேஞ்சுக்கு எடுத்துட்டு போற பை, ஜாக்கெட் பாக்கெட், எல்லாத்தையும் கொட்டிப் பாத்துட்டு, முடிஞ்சா அந்தப் பையவே தொடாம வேற பைல துணி அடுக்குங்க.